மூடியில் எழுதியிருந்தது

கிளட்ச்சைப் பிடித்தால் பிடி அப்படியே கையோடு வந்துவிடுகிறது.
எதிர்த்துத் தள்ள உள்ளே ஆளில்லை.
எர்ணாவூர் மேம்பாலத்தில்
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
ஒரே கியரில் விக்கி விக்கி வந்தேன்.
தண்டையார்பேட்டை சிக்னலில் எஞ்சினை அணைத்துவிட்டு
பச்சை விழுந்ததும் தள்ளிக்கொண்டே ஓடி
ஏறினேன்.
பின்னாலிருந்த ஷேர் ஆட்டோ
ஹாரனிலேயே திட்டியது.

வண்டி என்னுடையது இல்லை.
மச்சான் தேசப்பன் துறைமுக ஏலத்தில் எடுத்தது.
எவனோ இத்தாலியிலிருந்து வரவழைத்து
தீர்வை கட்டாமல் விட்டுப்போக
மூன்று மழைக்காலம் கொட்டகையில் நின்றது.
கப்பலேறும் அன்று சாவியைத் தந்து சொன்னான்:
"ஓட்டு. எதையும் தொறக்காத."

கேபிள் கிடையாது இதற்கு.
கைப்பிடியில் ஒரு சிலிண்டர்,
எஞ்சின் ஓரமாய் ஒரு சிலிண்டர்,
நடுவில் குழாய் நிறைய எண்ணெய்.
விரல் மேலே சொன்னதை
எண்ணெய் கீழே போய்ச் சொல்ல வேண்டும்.
வழியில் எங்கோ மறந்துவிடுகிறது.

மூலக்கொத்தளத்தில் சாதிக் பிரித்தான்.
உள்ளே இருந்த சீல்
ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது.
"எவனோ பிரேக் ஆயில் ஊத்திக்கிறான் ணா.
இது மினரல் ஆயில் வண்டி."
"ஆமா, எவனோ" என்றேன்.

வெர்னியரில் அளந்து சிகரெட் அட்டையில் எழுதித் தந்தான்:
கீழே முப்பது. மேலே பன்னிரண்டு.
அட்டையை ஜாதகம் போல ஏந்திக்கொண்டு
கடைகடையாய் ஏறினேன்.
புதுப்பேட்டையில் வண்டியின் பெயரைச் சொன்னதும்
அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தார்கள்.
பிராட்வேயில் அளவு இருந்தது, ரப்பர் வேறு.
"இது பிரேக்குக்கு உண்டானது தம்பி,
போட்டா ஒரே வாரம், மறுபடி இதே கதை."
இத்தாலியிலிருந்து வரவழைத்தால் ஆறு வாரம்,
என் அரை மாதச் சம்பளம்.
தேசப்பனின் கப்பல் வியாழக்கிழமை.

காசிமேட்டில்
வலையிழுக்கும் வின்ச்சுக்கு ஹைட்ராலிக் சாமான் விற்கும் ஆக்னஸ்
கணக்கு நோட்டிலிருந்து நிமிராமல் கேட்டாள்:
"எந்த போட்டு?"
போட்டு இல்லை, பைக்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"என்ன எண்ண ஓடுது அதுல?"
மூன்று நாளில் யாரும் முதலில் கேட்காத கேள்வி.
சொன்னேன்.
"அப்ப எங்க வின்ச்சு குடிக்கிறதுதான்."
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து
கறுப்பு வளையங்களை விரலால் விலக்கி
கீழுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று எடுத்தாள்.
நகத்தால் அழுத்தி, மீள்கிறதா என்று பார்த்தாள்.
"ரெண்டு செட்டா வாங்கிக்க. ஒண்ணு எப்படியும் கிழியும்."
பிறகு,
"பிரேக் ஆயில் யாரு ஊத்துனது?"

கடைக்கு வெளியே ஐஸ் நொறுக்கும் சத்தம்.
அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் கேட்காது என்றுதான்
நான்தான் என்றேன்.
எண்ணெய் ஒரு நகக்கண் அளவு இறங்கியிருந்தது,
பெட்ரோல் பங்கில் பாட்டில் கிடைத்தது,
நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன்.
மூடியில் பொடி எழுத்தில் இருந்ததை
ஊற்றி முடித்த பிறகு, செல்போன் வெளிச்சத்தில் படித்தேன்.

நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
பில்லில் 'படகின் பெயர்' என்றொரு கட்டம்.
யோசித்துவிட்டு
'தேசப்பன்' என்று எழுதினாள்.

ஸ்டான்லி எதிரே மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் கேட்டால்
"ஊசியோடவா, ஊசியில்லாமயா?"
ஊசி வேண்டாம்.
கீழிருந்து மேலே எண்ணெயை ஏற்றினோம், சாதிக்கும் நானும்.
குழாயில் ஒளிந்திருந்த காற்று
குமிழ்குமிழாய் வந்து மேலே வெடித்தது.
முதல் சீல் கிழிந்தது, அவள் சொன்னபடியே.
இரவு பதினொன்றேகாலுக்கு
பிடி என் விரல்களைத் திருப்பித் தள்ளியது.

வியாழன்.
பையைத் தோளிலிருந்து இறக்காமலே
தேசப்பன் கிளட்ச்சைப் பிடித்தான். விட்டான். பிடித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரல் மட்டும் மெல்ல நகர்ந்து
மூடியின் திருகில் போய் நின்றது.
அதன் தலையில் என் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல்,
புதிதாய், பளபளவென்று.

அவன் நிமிர்வதற்குள்
பில்லை நீட்டினேன்.